நிழல் விழும் பக்கம்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழித்துப் போட்டிருக்கமாட்டாய். உனக்கு ஆத்திரத்தைவிட ஆவல் எப்போதும் ஒரு பிடி அதிகம்.

அப்பாவின் வீட்டைத் தூக்கி நிறுத்தியாயிற்று. கூரை புதிது, விட்டம் புதிது. ஓதம் ஏறிய சுவரையெல்லாம் கொத்தியெடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். "இன்னும் அம்பது வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேணாம்மா" என்றார் இன்ஜினியர். அதற்குப் பிறகு நான் எங்கே கவலைப்படப் போகிறேன்.

இனி உள்ளே. நிறம், திரை, அலமாரி, விளக்கு. இதைத்தானே ஊரிலிருப்பவர்களுக்கெல்லாம் செய்துகொடுத்துப் பிழைக்கிறாய்? நம் வீட்டுக்கு வெளியாள் எதற்கு? நம் வீடு, நம் கை பட்டால்தான் சரியாக வரும். அத்தானும் அதையேதான் சொன்னார். சொன்னார் என்றால் தலையாட்டினார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு பேச்சு இன்னும் திரும்பவில்லை. இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். குழந்தை தோற்றது.

முன் அறை அவருக்கும் எனக்கும். மாடி அறை என் மகளுக்கு. வேலை வேலை என்று அவள் என் போனை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தனக்கென்று ஒரு அறை தயாராக இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் திரும்பி வருவாள். அந்த அறைக்காகத்தான் இந்த வீட்டையே எழுப்பினேன் என்று வைத்துக்கொள்.

பின் அறை: தனியாக இருக்கும் ஒருத்திக்கு. வந்து போகிறவள் இல்லை, நிரந்தரமாகத் தங்குகிறவள். உனக்கென்றால் எப்படிச் செய்வாயோ, அப்படிச் செய்.

போன் வேண்டாம். போனில் நாம் கத்துவோம். காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

உன் பங்கை எழுதிக் கொடுத்த அன்று, பதிவு அலுவலக வாசலில் நீ என்னைச் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். சாவி வாங்கியாயிற்று. நேற்று பகல் முழுவதும் உள்ளே இருந்தேன். ஒரு நாற்காலிகூட இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அளவுகளை எழுதினேன்.

எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வரும் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை எல்லாவற்றையும் மூடியிருந்தது.

அந்தச் சுவருக்குக் கடைப் பெயிண்ட் ஆகாது. சுண்ணாம்பு மூச்சுவிட வேண்டும். மூடினால் பாளம் பாளமாக உரியும். சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "ரெண்டாவது கோட்ல சரியாயிடும்" என்பார். அவர் பெயரே 'செகண்ட் கோட்' ஆகிவிட்டது. மனைவி கோபித்துக்கொண்டு போனபோதும் அதையேதான் சொன்னாராம். வந்துவிட்டாள்.

எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் சில கேள்விகள் கேட்பேன். உன்னிடமும் கேட்கிறேன். கண் விழித்ததும் எது கண்ணில் பட வேண்டும்? வீட்டில் யாருக்கு எந்தக் கை பழக்கம்? (கதவு திறக்கும் பக்கம், ஸ்விட்ச் போர்டு, மேசை எல்லாமே இதை வைத்துத்தான்.) வருகிறவர்கள் கண்ணிலிருந்து எதை மறைக்க வேண்டும்?

பின் அறையைப் பற்றி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை.

சின்னவள்

*

பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

என்ன இது, பரீட்சையா?

கண் விழித்ததும் எனக்கு ஜன்னல் தெரிந்தால் போதும். அத்தானுக்கு நான் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பயந்துபோகிறார். எந்தக் கை என்றால், எல்லாருக்கும் வலது. அவருக்கு மட்டும் இப்போது இடது, வேறு கதி இல்லாமல். எதை மறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் முகத்தைத்தான். கோபப்படாதே, சிரி. அந்த உம்மென்ற முகத்தோடு வாடிக்கையாளர் முன்னால் போய் நின்றால் யாருக்குத்தான் வீட்டை அலங்கரிக்கத் தோன்றும்?

பின் அறைக்கு ஒற்றைக் கட்டில் போதும். இரட்டைக் கட்டில் வாங்கி நீ என்ன கண்டாய்? அந்த மனுஷன் போகும்போது மெத்தையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மெத்தையைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினானாமே. நீ வாசலில் நின்று கயிறு பிடித்துக் கொடுத்தாயாம். உன்னைத் தவிர யாராலும் முடியாது, அம்மாடி.

இன்னொன்று. முன் அறையில் எங்கள் கட்டில் தலைமாட்டில் ஒரு அழைப்பு மணி ஸ்விட்ச். அதன் மணி பின் அறையில் ஒலிக்க வேண்டும். எனக்கு முழங்கால் சரியில்லை. அவசரத்துக்கு எழுந்து ஓட முடியாது. மாடி ஏறுவதென்றால் நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது.

மணி நல்ல சத்தமாக இருக்கட்டும். கேட்கவில்லை என்று யாரும் காது குத்தக் கூடாது.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

வரைபடங்களும் துணித் துண்டுகள் ஒட்டிய அட்டைகளும் இதோடு இருக்கின்றன. அட்டைகளைப் பகல் வெளிச்சத்தில் பார். ட்யூப்லைட்டில் எல்லாம் அழுக்காகத் தெரியும்.

முன் அறை: காய்ந்த புல்லின் நிறம். அத்தானின் இடது கை எட்டுகிற உயரத்தில் சுவர் நெடுக ஒரு மரக் கைப்பிடி. ஆஸ்பத்திரிக் கம்பி மாதிரி இருக்காது. சுவரின் ஓரச்சட்டம் போலத்தான் தெரியும். பிடிப்பவருக்கு மட்டுமே அது கைப்பிடி.

மாடி அறை: வெள்ளை. ஆனால் பளீரென்று இருக்காது. ஜன்னலோரம் எழுதுமேசை. சுவரில் எதுவும் இல்லை. மாட்ட வேண்டியதை அவளே கொண்டுவரட்டும்.

பின் அறை: சாம்பல் ஏறிய நீலம். செகண்ட் கோட் ஐந்து தடவை கலந்தார். ஐந்தையும் கலைக்கச் சொன்னேன். "ஏம்மா, இந்த ரூம்ல இருக்கப் போறவங்க அவ்வளவு கஷ்டமான ஆளா?" என்றார். "ஆமா, ரொம்பக் கஷ்டம்" என்றேன். "பார்த்தா அப்படித் தெரியலையே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்படிக் கண்டுபிடித்தாரோ.

சுவரில் மடித்துவைக்கும் பலகை மேசை. கட்டிலுக்கடியில் தட்டையான இழுப்பறைகள், பெரிய தாள்களை மடிக்காமல் வைக்க. நின்றால் முகம் முழுசாகத் தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடி. ஜன்னல் திட்டை அகலப்படுத்தியிருக்கிறேன், கால் நீட்டி உட்காரலாம். வெளியே பார்க்க எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான். பிற்பகலில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் உள்ளே வருகிறது. அது போதும்.

மணி வைத்தாயிற்று. வைத்தபோது சிரிப்பு வந்தது. நீ கூப்பிட்டால் வரமாட்டேனா? மணி எதற்கு?

நான் வேலை செய்யும் பட்டறையின் மாடியில் குடியிருந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முன்பென்றால் கெஞ்சியிருப்பேன். இந்த முறை, "சரிங்க, நான் எங்க வீட்டுக்கே போறேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் படியில் நின்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று.

சின்னவள்

*

மார்ச் 14

சின்னவளுக்கு,

பின் அறைப் படத்தைப் பார்த்து அசந்துபோனேன். இவ்வளவு நுணுக்கமாக யாருக்கும் செய்திருக்கமாட்டாய். ஒரு கோட்டைக்கூட மாற்ற வேண்டாம். பலகை மேசை இருக்கட்டும், மருந்து மாத்திரை வைத்துக்கொள்ள வசதி.

முன் அறைக் கைப்பிடியும் நன்றாக இருக்கிறது. அத்தானுக்குக் காட்டினேன். அழுதார். எதற்கெடுத்தாலும் அழுகிறார்.

ஆனால் மாடி அறையில் மேசையை என்ன செய்து வைத்திருக்கிறாய்? படத்தை நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உட்கார்ந்தால் ஜன்னல் வலது பக்கம் வருகிறது. வலது கையால் எழுதுகிறவளுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் எழுதுகிற எழுத்தின் மேலேயே கையின் நிழல் விழும். இது எனக்கே தெரிகிறது, இதைப் படித்துப் பட்டம் வாங்கிய உனக்குத் தெரியாதா?

அல்லது மறந்துவிட்டாயா? அவள் இடது கைக்காரியாகப் பிறந்தவள்தான். ஆனால் அதை மாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? ஒரு பருவம் முழுக்க அந்தக் கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவைத்து எழுத வைத்தேன். நீ வந்து அவிழ்த்துவிட்டாய், நான் மறுபடி கட்டினேன். அன்றைக்கு நீ என்னை ராட்சசி என்றாய். இன்றைக்கு அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்றால் யாரால்?

மேசையைத் திருப்பிப் போடு. அந்த அறையில் மட்டும் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

மறக்கவில்லை.

மேசை சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் என்னை நம்பு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சொல்ல வேண்டிய ஆள் நானில்லை.

நிறம் அடித்து முடிந்தது. சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. காயும்போது சுண்ணாம்பு திட்டுத் திட்டாக வெளுக்கும். பார்த்தால் கெட்டுப்போன மாதிரி இருக்கும். பதற வேண்டாம்.

சின்னவள்

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதவே முடியாது.

காலையில் பின் அறையில் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூல் மேல் நின்றிருந்தேன், செகண்ட் கோட் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண், கையில் பெட்டி, தோளில் பை.

"நீங்கதான் டெக்கரேஷன் பண்றவங்களா? அம்மா சொன்னாங்க. என் ரூம் ரெடின்னு."

"யார் ரூம்?"

"நான் நர்ஸுங்க. ஐயாவைப் பார்த்துக்க வந்திருக்கேன். வீட்டோட தங்கி. அவங்க குடிவர்ற வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கச் சொன்னாங்க." சுற்றிலும் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தரையில் கறை படும் என்று பயந்தாள் போல. "இதுவாங்க? நிஜமாவா? நான் வேலை பார்த்த எடத்துல எல்லாம் ஸ்டோர் ரூம்லதான் பாய் போடுவாங்க."

நான் இறங்கினேன்.

அவள் ஜன்னல் திட்டைத் தடவிப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள். "என்னங்க இவ்வளவு தட்டையா? சேலை வெச்சா மூடாதே." கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நெற்றி மட்டும்தான் தெரிந்தது. எக்கிப் பார்த்தாள். "கொஞ்சம் ஒசரமா மாட்டிட்டீங்களோ?"

செகண்ட் கோட் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"இறக்கி மாட்டுங்க" என்றேன்.

இறக்கினார். இப்போது அதில் எனக்குக் கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறது.

நல்ல பெண். என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

என் சாமான்கள் பட்டறை வாசலில், கட்டியபடி இருக்கின்றன. ஒரு கேள்விதான். நீ 'நம் வீடு' என்று எழுதினாய். அதில் நான் உண்டா இல்லையா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் திருத்திவிடுவாயோ என்று கேட்கவில்லை.

சின்னவள்

*

ஏப்ரல் 8

சின்னவளுக்கு,

நாடகம் போடாதே. நான் எந்த இடத்தில், எந்த வரியில் 'நீ வந்து தங்கு' என்று எழுதினேன்? கடிதத்தை எடுத்துப் பார். தனியாக இருக்கும் ஒருத்திக்கு என்றேன். அவள் தனியாள். நிரந்தரமாக என்றேன். அத்தான் இருக்கிறவரை இருப்பாள். மணி வேண்டும் என்றேன். நர்ஸைக் கூப்பிடத்தானே மணி? உன்னைக் கூப்பிட மணி வைப்பேன் என்று நினைத்தாயே, அப்போதாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

'நம்' என்றது வாய்ப் பழக்கம். நம்ம டெய்லர், நம்ம டாக்டர் என்று சொல்வதில்லையா? டெய்லர் வந்து நம் வீட்டில் படுத்துக்கொள்கிறாரா? இலக்கணம் பார்த்துப் படிக்கிறவளுக்கு எழுதுகிறோம் என்ற கவனம் எனக்கு இருந்திருக்க வேண்டும். திருத்திக்கொள்கிறேன்: எங்கள் வீடு.

உண்மையைச் சொல்லட்டுமா? கேட்காமல் இருந்தாய் பார், அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். நர்ஸுக்கு ஒரு அறை என்று எழுதியிருந்தால் நாலு சுவரும் ஒரு ஆணியும் வரைந்து அனுப்பியிருப்பாய். தனக்கென்று நினைத்தால்தான் நீ மனசை வைப்பாய். உன்னிடம் வேலை வாங்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் புருஷனுக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பான்.

பதிவு அலுவலக வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பெத்த பொண்ணே உன்கூட இருக்க மாட்டா" என்றாய். எல்லாரும் நின்று கேட்டார்கள். அவள் வருவாள், சின்னவளே. மாடி அறையில் விளக்கு எரிவதை நீ தெருவில் நின்று பார்ப்பாய்.

பதினைந்தாம் தேதி குடிவருகிறோம். சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போ. மேசையை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டுப் போ.

அக்கா

*

ஏப்ரல் 17

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

சாவி கொடுத்தாயிற்று. வேலை முடிந்த அறைகளைப் பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கம் தருவது என் வழக்கம். முன் அறையையும் பின் அறையையும் பற்றி உங்களுக்கே தெரியும். மாடி அறையைப் பற்றித்தான் தெரியாது.

அந்த அறையை நான் வடிவமைக்கவில்லை. உங்கள் மகள் சொல்லச் சொல்ல வரைந்தேன்.

உங்கள் போனை எடுக்காதவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு பேசுகிறாள். வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து. வெறும் வெள்ளைச் சுவர் அவள் கேட்டது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் அவள் கேட்டது. மேசையும் அவள் கேட்டது. "ஜன்னல் வலது பக்கம் வரணும் சித்தி, மறந்துடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னாள். அவள் இப்போது இடது கையால் எழுதுகிறாள். போன வாரம் எனக்கு ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். எழுத்து கோணல் மாணல், முதல் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி. நீங்கள் கட்டிய இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

நீங்கள் சொன்னது சரிதான். அவள் வருவதாக இருந்தாள்.

"நீங்க அங்க இருந்தா வரேன் சித்தி. நடுவுல நீங்க இருந்தா அம்மாவை என்னால தாங்கிக்க முடியும். இப்ப சொல்லாதீங்க. குடிவந்தப்புறம் நானே வந்து நிக்கிறேன், அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உங்களைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். டிக்கெட்டும் எடுத்திருந்தாள்.

நர்ஸ் வந்த அன்று உங்கள் மகளிடம் சொன்னேன். "சரி சித்தி. கேன்சல் பண்ணிடறேன்."

'நம்' என்பதை உங்கள் மகளும் என்னைப் போலவே தப்பாகப் படித்துவிட்டாள். இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் திருத்திவிட்டீர்கள்.

இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். யோசித்தேன். சொல்லாவிட்டால் நீங்கள் காத்திருப்பீர்கள். மாடி விளக்கைப் போட்டுவைப்பீர்கள், படுக்கை விரிப்பு மாற்றுவீர்கள். காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இரண்டு மாதம் நானும் அனுபவித்தேன். அதை உங்களுக்கு விட்டுவைக்க மனம் வரவில்லை.

அத்தானுக்கு இடது கை பழகிவிட்டதா? கட்டிவைக்காமலே பழகிவிடும்.

உள் அலங்கார வடிவமைப்பாளர்

*

ஏப்ரல் 20

சின்னவளே,

பொய். என்னை நோகடிக்க எழுதுகிறாய்.

அவள் எனக்குத் தெரியாமல் உன்னோடு பேசுவாளா? ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

மாடிக்கு வந்திருக்கிறேன். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நிழல் எழுத்தின் மேல் விழுகிறது, வரி கோணலாகப் போகிறது. இடது கையில் பேனாவை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக இருக்கிறது. என் பெயர்கூட எழுத வரவில்லை.

அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் கெட்டதற்கா செய்தேன்? பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவள் அழுதுகொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

நர்ஸுக்கு ஹாலில் கட்டில் போட்டுவிட்டேன். முகம் சுருங்கியது, பார்க்கலாம். பின் அறை காலி. கண்ணாடியை மேலே ஏற்றி மாட்டச் சொல்லியிருக்கிறேன். சுவரில் மூன்று ஓட்டை விழுந்துவிட்டது. உன் செகண்ட் கோட்டைக் கேட்டேன், "இதுக்கு ரெண்டாவது கோட் போதாதும்மா" என்கிறார். நீ வந்து அவருக்கு ஒரு வார்த்தை சொல்.

நேற்று மணியை அழுத்திப் பார்த்தேன். காலி அறைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல சத்தம்தான்.

நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. நம் வீடு. இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ வா. அவளிடம் சொல், நீ சொன்னால் கேட்பாள். இந்த மேசையை யாரும் தொட விடமாட்டேன். அவள் கேட்ட மாதிரியே இருக்கட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 29

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை, முன் அறைக் கைப்பிடியைச் செய்த தச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். செகண்ட் கோட்டும் கூட வந்திருப்பார். அவர்களைத் தெரியும் என்பதால் நர்ஸ் உள்ளே விட்டிருப்பாள். உங்கள் கையில் கடிதத்தைக் கொடுத்ததும் இருவரும் மாடிக்கு ஏறியிருப்பார்கள்.

பின் அறையை நர்ஸிடமே கொடுத்துவிடுங்கள். அந்த நீலம் அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியை மறுபடி இறக்குங்கள். ஓட்டைகளை இவர்கள் அடைத்துவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன், முழுவதையும். ஆறு வயது என்று வந்த இடத்தில், "அஞ்சு" என்றாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு இடம் பார்த்திருக்கிறோம். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. இரண்டு அறை. சுவர்களில் ஓதம் இருக்கிறது. ஜன்னலோரம் அவளுடைய மேசையைப் போட்டாயிற்று. என்னுடையதற்கு இன்னும் இடம் தேடுகிறோம். சின்ன வீடுதான். ஆனால் எங்கள் வீடு. யோசித்துத்தான் எழுதுகிறேன். வாய்ப் பழக்கம் இல்லை.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. நீங்கள் மார்ச் பதினான்காம் தேதி கேட்ட மாற்றத்தை நான் செய்துகொடுக்கவில்லை. ஏப்ரல் எட்டாம் தேதி மறுபடி கேட்டிருந்தீர்கள். கேட்டதைச் செய்யாமல் எந்த வீட்டு வேலையையும் நான் முடித்ததில்லை.

மாடியில் இழுக்கும் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். முழங்காலை வைத்துக்கொண்டு அவசரமாக ஏறவும் வேண்டாம். நீங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். மேசையைத்தான் திருப்புகிறார்கள். ஜன்னல் இனி இடது பக்கம் வரும், வலது கைக்காரிக்கு ஏற்ற மாதிரி.

நீங்கள் வளர்த்த பெண்ணுக்கு அது சரியாக இருக்கும். இனி அந்த மேசையில் யாருடைய கை நிழலும் விழாது.

உள் அலங்கார வடிவமைப்பாளர்